பழைய சேலையில் ஒட்டுப்போர்வை: கவந்தி முறையில் கையால் குவில்ட் தைக்க முழு வழிகாட்டி

கையால் குவில்ட் (துணி அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வை) தைக்கலாம் என்று யூடியூபைத் திறந்தால், முதலில் வரும் பொருள் பட்டியலே ஆளை விரட்டிவிடும். சுழல் கத்தி, அதற்கென்று ஒரு வெட்டுப் பாய், அக்ரிலிக் ஸ்கேல், நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்பு, துணியை இழுத்துப் பிடிக்கும் சட்டம், ஓரம் கட்ட நீளமான கிராஸ் பீஸ், கை வைக்க முடியாத விலையில் இறக்குமதித் துணி. இவற்றில் பாதி குளிர்நாட்டு வீடுகளின் தேவைக்கு வந்தவை. பஞ்சு வைத்துத் தைத்த போர்வை ஊட்டி, கொடைக்கானல், வால்பாறையில் பயன்படும். மதுரையிலோ சென்னையிலோ அது வருடம் முழுக்க பீரோவில்தான் இருக்கும்.

நம் தட்பவெப்பத்துக்கு மெல்லிய, துவைக்க எளிதான, பழைய பருத்தியில் தைத்த போர்வைதான் சரி. இந்தத் துணைக்கண்டத்துப் பெண்கள் அதைத்தான் காலங்காலமாகத் தைத்து வந்திருக்கிறார்கள். வங்காளத்தில் காந்தா, பீகாரில் சுஜனி, மகாராஷ்டிரத்தில் கோதடி, சிந்துப் பகுதியில் ரல்லி, வட கர்நாடகத்தில் கௌதி. இவற்றில் முதன்முறை தைப்பவருக்கு நான் பரிந்துரைப்பது, கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு பக்கம் வாழும் சித்தி சமூகப் பெண்களின் கவந்தி.

சித்திகள் ஆப்பிரிக்க வம்சாவளியினர். போர்த்துகீசியர் காலத்துக் கோவாவில் அடிமைகளாக இருந்து, தப்பி மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளுக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்களில் பலர். இந்து, கிறிஸ்தவம், இஸ்லாம் என்று மூன்று மதத்தவரும் அவர்களிடையே உண்டு. சில கவந்திகளில் சிலுவையும் சிலவற்றில் பிறையும் இருப்பதைப் பார்த்து எந்த வீட்டில் தைத்தது என்று ஊகிக்கலாம்.

கவந்தியில் சட்டம் கிடையாது, மிஷின் கிடையாது, தனியாக ஓரம் கட்டும் வேலையும் கிடையாது. அமெரிக்க முறையில் துண்டுகளை முதலில் ஒன்றோடொன்று தைத்து மேல்துணியை முடித்து, அப்புறம்தான் அடுக்குகளைச் சேர்ப்பார்கள். கவந்தியில் இரண்டும் ஒரே வேலை. அடித்துணியின் ஓரத்தில் தொடங்கி, துண்டுகளை ஒவ்வொன்றாக வைத்து, எல்லா அடுக்குகளையும் சேர்த்து ஓடு தையல் (ஊசியை மேலும் கீழுமாக ஏற்றி இறக்கிப் போடும் நேர்த் தையல்) போட்டுக்கொண்டே சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து சேர வேண்டும். ஓரம் முதல் வரியிலேயே மூடிவிடும்.

அளவு

முதல் குவில்டுக்கு 36 அங்குல அகலமும் 45 அங்குல நீளமும் போதும். சோபாவில் விரிக்கலாம், ரயிலில் மடிமேல் போட்டுக்கொள்ளலாம், பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குப் போர்த்தலாம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு என்றால் கீழே விரித்து விளையாட மட்டும் விடுங்கள். தூங்கும்போது மேலே போர்த்த வேண்டாம்.

பெரிதாக ஏன் வேண்டாம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. தையல் வரிகளுக்கு இடையே அரை அங்குலம் விட்டால், 36க்கு 45 அளவில் மொத்தம் 3,240 அங்குலம் தைக்க வேண்டியிருக்கும். அதாவது சுமார் 82 மீட்டர் ஓடு தையல். ஒற்றைக் கட்டிலுக்கு 60க்கு 90 என்று போனால் அது 270 மீட்டரைத் தாண்டிவிடும். டபுள் காட் ஆசையெல்லாம் இரண்டாவது குவில்டுக்கு இருக்கட்டும்.

துணி தேர்வு: இதில் அவசரம் கூடாது

மூன்று அடுக்கு வேண்டும். அடித்துணி, நடுத்துணி, மேலே வரும் துண்டுகள்.

அடித்துணிக்குப் பழைய பருத்திச் சேலை. ஐந்தரை மீட்டர்ச் சேலையின் அகலம் பொதுவாக 45 முதல் 48 அங்குலம் வரை இருக்கும்; 46க்குக் குறையாததாக எடுங்கள். அந்த அகலத்தையே போர்வையின் நீளமாக வைத்துக்கொண்டால், சேலையில் ஒரு கஜத்துக்குச் சற்று அதிகமாக வெட்டினால் போதும். எனவே உடுத்தி நைந்த கொசுவப் பகுதியை விட்டுவிட்டு, கெட்டியாக இருக்கும் இடமாகப் பார்த்து எடுங்கள். முந்தானையைத் தனியாக வையுங்கள். மேல்துண்டுக்கு அதைவிட நல்ல துணி கிடைக்காது.

நடுவில் வைக்க ஒரு நாலு முழ மல் வேட்டி. இரண்டு மீட்டர் வேட்டியைக் குறுக்கே பாதியாக மடித்தால் ஏறக்குறைய 39க்கு 50 அங்குலத்தில் இரண்டு அடுக்கு கிடைக்கும். நம் அளவுக்கு வெட்டியது போல் அமையும். கரையை மட்டும் நறுக்கிவிடுங்கள், ஜரிகை ஊசியைத் தடுக்கும். கோவை, திருச்சி வெயிலுக்கு ஒரே அடுக்கு வேட்டிகூடப் போதும். மலைப்பக்கம் இருப்பவர்கள் பழைய ஃபிளானல் போர்வை ஒன்றை நடுவில் வைக்கலாம்.

மேல்துண்டுகளுக்கு வாயில், சுங்குடி, கோரா காட்டன், கண்டாங்கி, பழைய சட்டை, தலையணை உறை, பாவாடை என்று எதுவும் ஆகும். பலமுறை துவைத்த லுங்கி எனக்கு மிகவும் பிடித்தது. மெத்தென்று இருக்கும், ஊசி சுலபமாக இறங்கும், அதன் கட்டங்களே தையல் வரிக்குக் கோடு போட்டுக் கொடுத்துவிடும். மடிப்புக்கும் ஒன்றின்மேல் ஒன்று ஏறுவதற்கும் போக, மேல்பரப்பைப் போல ஒன்றரை மடங்கு துணி தேவைப்படும்.

ஜீன்ஸ் வேண்டாம், நாலு அடுக்குக்கு மேல் அதை மடித்து வைத்துக் கையால் குத்தினால் விரல் போய்விடும். டிஷர்ட் துணியும் முதல் குவில்டுக்கு வேண்டாம்; பின்னலாடை இழுபடும், பக்கத்தில் இருக்கும் நெசவுத் துணி இழுபடாது, இரண்டும் சேர்ந்தால் சுருங்கிக் கோணிக்கொள்ளும். பட்டு வேறு ரகம். பழைய பட்டு மடிப்பிலேயே கீறிக்கொண்டு போகும். பட்டை வைத்தே ஆக வேண்டும் என்றால் அடியில் ஒரு மெல்லிய பருத்தித் துணி கொடுத்து வையுங்கள்.

ஒவ்வொரு துணிக்கும் மூன்று சோதனை செய்யுங்கள். முதலில் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். இழை கலைந்து சல்லடையாகத் தெரியும் இடம் ஆகாது. இரண்டாவது, இரண்டு கையாலும் பாவு வாக்கிலும் (நீளவாக்கு) ஊடு வாக்கிலும் (அகலவாக்கு) வெடுக்கென்று இழுங்கள். ‘டர்’ என்று சத்தம் கேட்டால் அது தரை துடைக்கத்தான். மூன்றாவது, பருத்திதானா என்று சந்தேகம் வந்தால் ஓரத்தில் ஒரு இழையை உருவி, இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டிக்கு மேல் கொளுத்திப் பாருங்கள். பருத்தி எரிந்து மெல்லிய சாம்பலாக உதிரும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான கறுப்பு மணியாகச் சுருளும்.

அப்புறம் சாயம். சுங்குடியின் சிவப்பும் கருநீலமும் கறுப்பும் எப்போது வேண்டுமானாலும் காலை வாரலாம். வெள்ளைத் துணியை நனைத்து, சந்தேகமான துணிமேல் வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துணியைத் தனியாகப் பலமுறை அலசி மறுபடி சோதியுங்கள். உப்பும் வினிகரும் போட்டு ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று வீட்டுக்கு வீடு சொல்வார்கள்; இன்றைய சாயங்களிடம் அது பெரும்பாலும் பலிப்பதில்லை. மூன்று நான்கு அலசலுக்குப் பிறகும் வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துணியை மறந்துவிடுங்கள்.

புதுத் துணி கலப்பதாக இருந்தால் வெந்நீரில் நனைத்துக் காயவைத்துச் சுருக்கம் எடுத்த பிறகே வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் முதல் சலவையில் அது மட்டும் இழுத்துக்கொள்ளும்.

ஊசி, நூல், மற்றவை

சாதாரண தையல் மிஷின் நூல் இதற்கு ஒல்லி. 8 எண் பேர்ல் காட்டன் (முறுக்கேறிய தடித்த எம்பிராய்டரி நூல்) உருண்டை கிடைத்தால் இரண்டு வாங்குங்கள். கிடைக்கவில்லையா, எம்பிராய்டரி நூல் கண்டு போதும். ஒரு கண்டு 8 மீட்டர், ஆறு இழை. மூன்று மூன்றாகப் பிரித்தால் ஒரு கண்டில் 16 மீட்டர் கிடைக்கும். ஓடு தையல் மேலும் கீழும் ஏறி இறங்குவதில் கொஞ்சம் நூலைத் தின்னும் என்பதால், 82 மீட்டர் வரிக்கு 100 மீட்டர் நூல் என்று கணக்கு வைத்து, எட்டுக் கண்டு வாங்கிவிடுங்கள். எல்லாம் ஒரே நிறத்தில் இருந்தால் முதல் குவில்ட் அழகாக வரும். பலவண்ணத் துண்டுகளுக்கு நடுவே ஒரே நிற நூல் ஓடும்போது எல்லாம் ஒன்றுக்கொன்று சொந்தமாகிவிடும். வெள்ளை அல்லது மஞ்சள் என் தேர்வு.

ஊசியின் காது பெரிதாக இருக்க வேண்டும், நீளமும் வேண்டும். ஒரே இழுப்பில் நான்கைந்து தையலை ஊசியிலேயே கோத்துக்கொள்வதுதான் வேகத்தின் ரகசியம். குட்டை ஊசியில் அது நடக்காது. இவற்றோடு கத்தரிக்கோல், டெய்லர் சாக், குண்டூசி, இஸ்திரிப் பெட்டி, நடுவிரலுக்கு ஒரு திம்பிள் (ஊசி குத்தாமல் காக்கும் விரல் உறை). திம்பிள் முதல் நாள் எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் அது இல்லாமல் நாலு அடுக்கைத் தைப்பவர்கள் இரண்டாம் நாளே விரலில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு திம்பிளைத் தேடுவார்கள்.

எந்தத் துண்டு எங்கே? புதுக்காலக் குவில்டர்கள் சொல்வது

இங்கே கொஞ்சம் கவந்தியை விட்டு வெளியே போய் வருவோம். 2009இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய மாடர்ன் குவில்ட் கில்டு போன்ற அமைப்புகள் வந்த பிறகு, குவில்ட் என்றால் பூவும் நட்சத்திரமும் சமச்சீராக அடுக்கியது என்ற எண்ணம் மாறியிருக்கிறது. ஒற்றை நிறத் துணிகள், பெரிய வெற்றிடம், ஒருபக்கம் சாய்ந்த அமைப்பு, ஸ்கேல் வைக்காமல் கண்ணளவில் வெட்டுவது ஆகியவைதான் இன்றைய ‘மாடர்ன்’ பாணியின் அடையாளங்கள். சென்னையிலும் 2019 ஜனவரியில் ஒரு தேசியக் குவில்ட் விழா நடந்தது.

ஆனால் இந்தப் புதுமையெல்லாம் புதிதாகப் பிறந்ததில்லை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஆறு வளைந்து மூன்று பக்கமும் சூழ்ந்த ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்கள் பல தலைமுறைகளாக இப்படித்தான் தைத்து வந்தார்கள். தோட்ட வேலை செய்து வெளுத்த கால்சட்டை, மாவு மூட்டைத் துணி என்று கிடைத்ததை வைத்து, கண் சொன்ன இடத்தில் வெட்டினார்கள். 2002இல் ஹூஸ்டன் அருங்காட்சியகத்திலும் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் அவை சுவரில் மாட்டப்பட்டபோது, நவீன ஓவியத்தோடு ஒப்பிட்டு விமர்சகர்கள் வியந்தார்கள். 2006இல் அமெரிக்க அஞ்சல் துறை அவற்றில் பத்தை அஞ்சல்தலையாக வெளியிட்டது. வறுமையில் குளிருக்குத் தைத்த போர்வைகளுக்கு இந்த மரியாதை தாமதமாகவே கிடைத்தது என்பது என் கருத்து.

ஜீஸ் பெண்ட் பெண்களுக்கும் சித்திப் பெண்களுக்கும் நேரடித் தொடர்பு எதுவும் நிறுவப்பட்டதில்லை. ஆப்பிரிக்க ரத்தம்தான் இரண்டையும் ஒன்றாக்குகிறது என்று காதல் கதை சொல்ல நான் தயாரில்லை. ஆனால் துணி குறைவாக இருக்கும் இடத்தில் கை தானாகக் கற்றுக்கொள்ளும் துணிச்சல் இரு பக்கமும் தெரிகிறது. நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது அதைத்தான்: வரைபடம் போட்டுவிட்டுத் துணி தேடாதீர்கள், இருக்கும் துணியைப் பரப்பிவிட்டு யோசியுங்கள்.

நடைமுறையில் இப்படிச் செய்யுங்கள். துணிகளை 4 முதல் 8 அங்குலம் வரை விதவிதமான சதுரம், செவ்வகமாக வெட்டுங்கள். எல்லாம் ஒரே அளவில் வேண்டாம். நூல் வாக்கிலேயே வெட்டுங்கள். நூலுக்குச் சாய்வாக, மூலைவாட்டத்தில் வெட்டினால் ஓரம் இழுபட்டு அலை அலையாக நெளியும். வெட்டியதைத் தரையில் பரப்பி, செல்போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் உங்கள் குவில்டும் மந்தமாகத்தான் இருக்கும். அடர்நிறமும் வெளிர்நிறமும் இன்னும் வேண்டும் என்று பொருள். பூப்போட்ட துணிகள் அதிகம் இருந்தால் நடுநடுவே ஒற்றை நிறத் துண்டுகளை இறக்குங்கள், கண்ணுக்கு ஓய்வு கிடைக்கும். எங்காவது ஒரு ஓரத்தில் மட்டும் யாரும் எதிர்பார்க்காத ஒரு நிறம் வரட்டும். மீதியை முன்கூட்டித் தீர்மானிக்காதீர்கள். கவந்தியில் அடுத்த துண்டை அந்த இடத்துக்குப் போன பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

இறந்துபோன ஒருவரின் உடையில் குவில்ட் தைப்பதும் இன்று பரவலாகிவிட்டது. 1942இல் ஜீஸ் பெண்டின் மிசூரி பெட்வே, கணவர் இறந்ததும் அவர் உழைத்து நைந்த ஆடைகளை வெட்டியே ஒரு போர்வை தைத்தார். 1987 அக்டோபரில் எய்ட்ஸில் இறந்தவர்களுக்கான நினைவுக் குவில்ட் வாஷிங்டனில் முதன்முறை விரிக்கப்பட்டபோது, மூன்றுக்கு ஆறடியில், ஒரு கல்லறை அளவில், 1,920 பலகங்கள் இருந்தன. நம் வீடுகளில் இறந்தவர் துணியை வைத்துக்கொள்ளலாமா என்பதில் ஆளுக்கொரு வழக்கம். அதில் நான் தலையிடவில்லை. வைத்துக்கொள்பவர்களுக்கு ஒரு யோசனை: சட்டையை வெட்டும்போது பையையும் பித்தான் பட்டியையும் பிரிக்காமல் அப்படியே துண்டாக எடுங்கள். வெறும் முதுகுத் துணியைவிட அந்தப் பைதான் ஆளை அடையாளம் காட்டும். வெட்டுவதற்கு முன் முழுச் சட்டையையும் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

தைக்கும் முறை

முதலில் அடித்துணியை 37க்கு 46 அங்குலமாக வெட்டி, கஞ்சி இருந்தால் அலசிவிட்டு, இஸ்திரி போடுங்கள். நான்கு பக்கமும் அரை அங்குலம் உள்பக்கமாக மடித்து, மடிப்பை இஸ்திரிப் பெட்டியால் நன்றாக அழுத்துங்கள். இப்போது அளவு 36க்கு 45. நல்ல பக்கம் தரையைப் பார்க்க விரித்துக்கொள்ளுங்கள்.

வேட்டித் துணியை ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் குறைத்து வெட்டி, அடித்துணியின் மடிப்புக்குள் செருகுங்கள். கையால் நடுவிலிருந்து வெளியே நீவிவிட்டு, நடுவில் தொடங்கி ஓரம் நோக்கி, நான்கு அங்குல இடைவெளியில் நீள நீளமாகக் கச்சாத் தையல் (பிறகு பிரித்துவிடும் தற்காலிகத் தையல்) போடுங்கள். சித்திப் பெண்களின் கைப்பழக்கத்துக்கு இது தேவைப்படாமல் போகலாம். நமக்குத் தேவை. கவந்தியில் ஓரத்திலிருந்து நடுவுக்கு வருவதால், எங்கே கொஞ்சம் தளர்வு இருந்தாலும் அது தள்ளப்பட்டுத் தள்ளப்பட்டு நடுவில் வந்து குமிழாக நிற்கும். அந்தக் குமிழை வராமல் தடுப்பது இந்தக் கச்சாத் தையல்தான். கட்டிலில் உட்கார்ந்து போடாமல் தரையில் விரித்துப் போடுங்கள்.

இனி முதல் துண்டு. வலக்கைக்காரர் என்றால் போர்வையின் ஒரு ஓரம் உங்கள் பக்கம் இருக்கும்படி வைத்து, வலது மூலையில் தொடங்கி இடப்பக்கமாகத் தைப்பது எளிது. இடக்கைக்காரர்கள் இடது மூலையில் தொடங்கி எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளுங்கள். மூலைத் துண்டின் வெளிப்பக்க இரண்டு ஓரத்தையும் அரை அங்குலம் உள்ளே மடித்து, அடித்துணியின் ஓரத்தோடு சரியாகப் பொருத்தி, குண்டூசி குத்துங்கள். இடது ஓரமும் மேல் ஓரமும் மடிக்காமல் அப்படியே இருக்கட்டும்.

நூலின் நீளம் இரண்டடிக்கு மேல் வேண்டாம். நீண்டால் சிக்கும், பிசிறும். முடிச்சை மேல்துண்டுக்கு அடியில் ஒளித்து, ஓரத்திலிருந்து அரைக்கால் அங்குலம் உள்ளே ஓடு தையலைத் தொடங்குங்கள். ஊசி ஒவ்வொரு முறையும் அடித்துணி வரை இறங்கி ஏற வேண்டும். அடிக்கடி திருப்பிப் பாருங்கள். தையலின் நீளம் கால் அங்குலத்துக்குள் இருந்தால் நல்லது. மிகச் சிறிதாகத் தைக்க வேண்டும் என்ற வெறி வேண்டாம், ஒரே சீராக இருந்தால் போதும். சீராக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, 82 மீட்டர் தைத்து முடிக்கும்போது கை தானாகப் பழகியிருக்கும்.

துண்டின் இடது ஓரத்துக்கு ஒரு அங்குலம் இருக்கும்போது நிறுத்தி, அடுத்த துண்டை எடுங்கள். அதன் வலது ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் அரை அங்குலம் மடித்து, முதல் துண்டின் மடிக்காத ஓரத்தை முக்கால் அங்குலம் மூடும்படி மேலே வைத்து, தையலை அதன்மேல் ஓட்டிக்கொண்டு போங்கள். புதிய துண்டின் மடித்த ஓரம் பழைய துண்டின் பிசிறை மூட வேண்டும். கவந்தி முழுவதற்கும் இந்த ஒரே விதிதான். மூலை வந்ததும் போர்வையைத் திருப்பி, அடுத்த ஓரத்தை உங்கள் பக்கம் கொண்டுவந்து தொடருங்கள்.

ஒரு சுற்று முடிந்து தொடங்கிய மூலைக்கு வரும்போது, கடைசித் துண்டின் இடது ஓரத்தையும் மடித்து மூலைத் துண்டின்மேல் ஏற்றிவிடுங்கள். ஓரம் முழுக்க மூடிவிட்டது. நூலை அறுக்காமல் அரை அங்குலம் உள்ளே தள்ளி இரண்டாவது சுற்றைத் தொடங்குங்கள். இப்படியே சுற்றிச் சுற்றி, முதல் வரிசைத் துண்டுகளின் உள் ஓரத்துக்கு முக்கால் அங்குலம் இருக்கும்வரை தைத்துக்கொண்டு போகலாம். துண்டுகள் வேறு வேறு உயரத்தில் இருப்பதால் சில துண்டுகள் முன்னமே தீர்ந்துவிடும். அந்த இடத்தில் மட்டும் அடுத்த வரிசைத் துண்டை முன்கூட்டியே வைக்க வேண்டியதுதான். இந்த ஏற்ற இறக்கம்தான் கவந்தியின் முகத்தையே தீர்மானிக்கிறது. எல்லாத் துண்டையும் ஒரே உயரத்தில் வெட்டி இதைத் தவிர்ப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

நூல் தீரும்போது கடைசித் தையல்மேலேயே ஒருமுறை திரும்பத் தைத்து, மீதி நூலை அடுக்குகளுக்கு நடுவே இரண்டு அங்குலம் செலுத்தி வெளியே எடுத்து நறுக்குங்கள். நூலைச் சுண்டி இழுத்தால் துணி சுருங்கும். தளர்த்தினால் விரலோ கொலுசோ மாட்டும். ஒவ்வொரு வரிக்கும் பிறகு கையால் ஒருமுறை நீவிவிட்டால் இழுவை சமமாகிவிடும். துண்டுகளின் பக்கவாட்டு மடிப்பு எங்காவது வாய் பிளந்தால், வரிகளுக்கு இடையே இரண்டு பொடித் தையல் போட்டுப் பிடித்துவிடுங்கள்.

பாதி தூரம் வந்ததும் கச்சாத் தையலைப் பிரித்துக்கொண்டே போகலாம். குமிழ் தென்பட்டால் பயப்படாதீர்கள். அடுத்து வைக்கப்போகும் துண்டுக்கு அடியில் வரும்படி நடுத்துணியில் சின்ன மடிப்பு எடுத்து அமுக்கிவிட்டால், மேலே வரும் துண்டு அதை மறைத்துவிடும். அடித்துணியிலும் தளர்வு இருந்தால் அதையும் அதே கோட்டில் மடித்துத் தைக்கலாம். பின்பக்கம் ஒரு வரி தடித்துத் தெரியும், அவ்வளவுதான்.

நடுவில் கடைசியாக ஒரு செவ்வக இடைவெளி மிஞ்சும். அதற்கு மட்டும் நாலு ஓரமும் மடித்த துண்டு. உங்களிடம் இருப்பதிலேயே நல்ல துணியை அதற்கு எடுத்து வைத்திருங்கள்.

மேலே சின்னச் சின்ன வண்ணத் துண்டுகளை அலங்காரமாக ஒட்டித் தைப்பது சித்திகளின் வழக்கம். அதற்கு அவர்கள் வைத்த பெயர் டிகெலி. குழந்தைகளின் கவந்தியில் இவை நிறைய இருக்கும். இரண்டு அங்குலத்துக்குக் குறைந்த துணிச் சில்லுகள் மிஞ்சியிருந்தால் அவற்றை இங்கே தீர்க்கலாம்.

நான்கு மூலைக்கும் ஃபூல் வைக்காத கவந்தி அவர்களுக்கு நிர்வாணக் கவந்தி. ஃபூல் என்பது மடித்த துணி முக்கோணம். மூன்று அங்குலச் சதுரத்தை மூலைக்கு மூலை ஒருமுறை மடித்து, மறுபடி ஒருமுறை மடித்தால் பிசிறெல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கிய முக்கோணம் வரும். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மூன்று நிறங்களை அடுக்கலாம். போர்வை முடிந்த பிறகு மூலையின் மடிப்பை ஒரு அங்குலம் பிரித்து, பிசிறுப் பக்கத்தை உள்ளே செருகி, இரட்டைத் தையல் போட்டு மூடுங்கள். முதல் வரி தைக்கும்போதே செருகிவிடுவது இன்னும் எளிது, ஆனால் வேலை முடியும்வரை நூல் அதில் மாட்டிக்கொண்டே இருக்கும்.

பின்பக்கம் ஒரு மூலையில் உங்கள் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் நூலால் எழுதிவிடுங்கள். கவந்தி முறையில் தைத்தது என்பதையும் சேர்த்து எழுதினால் நல்லது. இன்று பல நாடுகளில் பட்டறை வைத்து இந்த முறையைக் கற்றுத்தருகிறார்கள். சித்திகள் என்ற பெயரே அங்கே சில நேரம் காணாமல் போய்விடுகிறது. தைக்க நேரமில்லாதவர்கள் அந்தப் பெண்கள் தைத்ததையே வாங்கலாம். விலையைப் பார்த்து முகம் சுளிக்கும் முன் அந்த 82 மீட்டர் கணக்கை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

துவைப்பதும் வைப்பதும்

முதல் சலவை குளிர்ந்த நீரில், கையால், லேசான சோப்பில். முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்துங்கள். ஈரத்தில் கனம் அதிகம் என்பதால் ஒரே கொடியில் தொங்கவிட்டால் தையல் இழுபடும்; இரண்டு கொடியில் பரத்திப் போட்டு நிழலில் காயவையுங்கள். காய்ந்து எடுக்கும்போது தையல் வரிகளுக்கு இடையே துணி மெலிதாகச் சுருங்கி மேடுபள்ளமாக நிற்கும். அதுதான் வேண்டும், இஸ்திரி போட்டு அதைக் கெடுக்காதீர்கள். பிறகு மிஷினிலும் போடலாம், வலைப்பைக்குள் வைத்து மென்மையான சுற்றில்.

கஞ்சி போடவே கூடாது. கஞ்சித் துணியைப் பூச்சி தேடி வரும். பிளாஸ்டிக் பைக்குள் அடைத்தால் மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். பழைய வேட்டியில் சுற்றி வையுங்கள், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து வேறு மடிப்பில் மடியுங்கள்.

பழைய துணி என்பதால் சில வருடத்தில் ஏதாவது ஒரு துண்டு நைந்து கிழியும். கிழிந்ததை வெட்டி எடுக்க வேண்டாம். அதைவிட ஒரு அங்குலம் பெரிதாகப் புதுத்துண்டு வெட்டி, நாலு ஓரமும் மடித்து அதன்மேலேயே வைத்து, பக்கத்து வரிகளின் தொடர்ச்சியாக ஓடு தையலை ஓட்டிவிடுங்கள். அடிக்கடி உராயும் தலைப்பக்க ஓரத்தில்தான் முதலில் போகும். எனவே அங்கே வைத்த சேலையில் ஒரு கை அகலத் துணியைத் தைக்கும்போதே தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.